அழித்த வரிகள்

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த அழைப்பு வந்தது. பேசிய பெண் தன் பெயர் பிரியதர்ஷினி என்றாள். வாலாஜாபாத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாள். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. தன் பேச்சு வீட்டில் யாருக்கும் கேட்கக் கூடாது என்றுதான் அவள் அதை ஓடவிட்டிருக்கிறாள் என்று வழக்கறிஞர் சாய்மாவுக்குப் புரிந்தது. இப்படி மிக்சிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் நடுவில் பேசும் பெண்கள் அவளுக்குப் பழக்கம்தான்.

“மேடம், உங்க வெப்சைட்ல அந்தக் கட்டத்துக்குள்ள ரெண்டு வரி எழுதினேன். அப்புறம் பயமாயிடுச்சு. அழிச்சிட்டேன். அனுப்பவே இல்ல. ஆனா மறுநாள்ல இருந்து போனைத் தொறந்தாலே விவாகரத்து வக்கீல் விளம்பரமா வந்துக்கினு இருக்குது. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, இன்னாத்துக்கு இதெல்லாம் வருதுன்னு கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

“தெரியலன்னு சொன்னேன். நான் எழுதுனது யாருக்காவது போயிருக்குமா மேடம்?”

“அனுப்பலன்னா யாருக்கும் போகாதும்மா. அழிச்சது அழிச்சதுதான். பயப்படாதீங்க.”

சாய்மா அதை நம்பித்தான் சொன்னாள். ஆறு வருடங்களில் எத்தனையோ பெண்களிடம் இதே பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் அடிபடும் பெண்களுக்குச் சட்ட உதவி செய்வதற்காக அவளும் சங்கரியும் சேர்ந்து தொடங்கிய இடம் அது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறைக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை. சங்கரி நெசவுக் குடும்பத்தில் பிறந்து, முப்பது வயது வரை தறியில் உட்கார்ந்தவள். பிறகு மகளிர் குழுக்களில் வேலை பார்த்து, ஊரில் எல்லாத் தெருவிலும் நாலு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு ஆனவள். தொலைபேசியில் வரும் பெண்களிடம் பெரும்பாலும் அவள்தான் பேசுவாள். இணையதளத்தின் கட்டத்தில் எழுதி வரும் கடிதங்கள் நேராகச் சாய்மாவின் மின்னஞ்சலுக்குப் போகும். கட்டத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘பெயர் வேண்டாம். உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்.’

அந்த விளம்பர விஷயம் சாய்மாவின் மனதை விட்டுப் போகவில்லை. மதியம் தம்பி ஃபைசலைக் கூப்பிட்டாள். அவன் சென்னையில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை செய்கிறான்.

“ஆபா, ஒரு பக்கத்தைத் தொறந்தா அது மட்டும் வராது” என்றான் ஃபைசல். “அது கூடவே பத்து இடத்துல இருந்து ஸ்கிரிப்ட் வந்து ஓடும். சின்னச் சின்ன புரோகிராம் மாதிரி. யாரு யாரு வராங்கன்னு நமக்குத் தெரியாது. உங்க பிரவுசர்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கோங்க. எல்லா ஸ்கிரிப்டையும் நிறுத்திடும். எந்தெந்தப் பேரு உள்ள வரக் கேக்குதுன்னு லிஸ்ட் காட்டும். நீங்களா பாத்து ஒவ்வொண்ணா அனுமதி குடுக்கலாம்.”

அவன் சொன்னபடி சாய்மா அதைத் தன் மடிக்கணினியில் நிறுவினாள். முதல் இரண்டு நாளும் வேலையே ஓடவில்லை. வழக்கு நிலவரம் பார்க்கப் போனால் மாவட்டப் பெயர்ப் பட்டியல் திறக்கவில்லை. வங்கிப் பக்கம் வெள்ளையாக நின்றது. செய்தித்தாளில் படங்கள் வரவில்லை. திரையின் மூலையில் இருந்த குறியைத் தட்டினால் பெயர்கள் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் தடை, இந்த ஒரு முறைக்கு மட்டும் அனுமதி, எப்போதும் அனுமதி என்று தேர்ந்தெடுக்கலாம். எதற்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் எரிச்சலோடு தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்து சங்கரி சிரித்தாள்.

“இன்னாமா, கம்ப்யூட்டரோட சண்டை போட்டுக்கினு இருக்க?”

“வாசல்ல நிக்கிறவங்கள ஒவ்வொருத்தரா யாருன்னு கேட்டு உள்ள விடுறேன்க்கா.”

“நல்லா கேளு. நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பழக்கமே கெடையாது.”

மூன்றாவது நாள் கை பழகிவிட்டது. எந்தப் பெயர் இல்லாவிட்டால் பக்கம் நிற்கும், எது இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று ஓரளவு பிடிபட்டது. ஒரே ஒரு செய்திப் பக்கத்துக்குள் நாற்பத்தொரு பெயர்கள் நுழையக் காத்திருந்ததைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வியாழக்கிழமை காலை, அதுவரை தோன்றாத ஒன்று தோன்றியது. தங்கள் தளத்தையே திறந்து பார்த்தாள்.

நான்கு பெயர்கள் இறங்கின. முதலாவது அவர்களுடைய தளத்தின் பெயரே. இரண்டாவது எழுத்துருவுக்கானது என்று இந்த மூன்று நாளில் அவளுக்குத் தெரிந்திருந்தது. மற்ற இரண்டும் அவள் கேள்விப்பட்டே இராதவை. பெயர் வேண்டாம் என்று எழுதிவைத்த பக்கத்தில், அந்த வரிக்கு நேர் கீழே, யாரென்று தெரியாத இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பெயர்களை அப்படியே ஃபைசலுக்கு அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் அவனே அழைத்தான்.

“ஆபா, மொதல்ல இருக்கிறது விளம்பரக் கம்பெனியோடது. யாரு வந்தாங்கன்னு எண்ணும். அந்தப் பொண்ணுக்கு விளம்பரம் வந்தது இதனாலதான் இருக்கும்.” அவன் குரல் தயங்கியது. “ரெண்டாவது வேற. பக்கத்துக்கு வர்றவங்க என்ன செய்றாங்கன்னு முழுசா பதிவு பண்றது. விரல் எங்க போகுது, என்ன தட்டுறாங்க, எல்லாம். அப்புறமா வீடியோ மாதிரி ஓட்டிப் பாக்கலாம்.”

“அனுப்பினாத்தானே?”

“இல்ல ஆபா. தட்டத் தட்டவே போயிடும்.”

“அழிச்சா?”

“அழிக்கிறதும் பதிவாகும்.”

‘அழிச்சது அழிச்சதுதான்’ என்று பிரியதர்ஷினியிடம் சொன்னது சாய்மாவின் காதுக்குள் கேட்டது.

தளத்தை இலவசமாகக் கட்டித் தந்தவர் குரு. காந்தி ரோடில் கணினிக் கடை வைத்திருப்பவர். அவருடைய தங்கைக்குச் சாய்மா ஒரு வழக்கை நடத்திக் கொடுத்த நன்றிக்காக அதைச் செய்து கொடுத்திருந்தார். சாய்மா அவரை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“மேடம், அது நான்தான் போட்டேன்” என்றார். “ரெண்டு வருஷம் இருக்கும். எந்த இடத்துல தடுமாறுறாங்க, பட்டன் தெரியுதா தெரியலயான்னு பாக்கலாம்னு ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் எடுத்தேன். ரெண்டு தடவை பாத்திருப்பேன். அப்புறம் மறந்தே போயிட்டேன். எழுதுற இடத்தை மட்டும் மறைக்கிற செட்டிங் ஒண்ணு இருக்குது. அதை நான் தொடவே இல்ல. சத்தியமா யாருக்கும் காட்டல மேடம். உடனே எடுத்துடுறேன்.”

“எடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்ட்டோட பாஸ்வேர்டைக் குடுங்க. என்னென்ன போயிருக்குன்னு தெரியாம நான் யாருக்கும் பதில் சொல்ல முடியாது.”

அன்றைக்கு அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கூரத்தில் மகளிர் குழுக் கூட்டம் ஒன்றுக்குச் சங்கரி போயிருந்தாள். கீழே பட்டறையில் சாயத் தொட்டிகளைக் கழுவும் சத்தம் கேட்டது.

கணக்கு திறந்ததும் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. கடந்த இரண்டு மாதத்தில் நூற்றெண்பத்தாறு பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர், தேதி, கைபேசியா கணினியா என்ற விவரம். அவற்றில் முப்பத்திரண்டு பேர்தான் கடிதத்தை அனுப்பியவர்கள். மீதிப் பேரைச் சாய்மாவுக்குத் தெரியவே தெரியாது.

முதலில் கைக்குக் கிடைத்த ஒன்றை ஓடவிட்டாள். தங்கள் பக்கம் திரையில் விரிந்தது. யாரோ ஒருத்தியின் விரல் கட்டத்தைத் தொட்டது. ‘என் மாமியார்’ என்று எழுத்துகள் தோன்றின. மறைந்தன. ‘என் கணவர்’ என்று தோன்றின. மறைந்தன. ‘வணக்கம்’ என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. வெறும் கட்டம். பிறகு பக்கம் மூடிக்கொண்டது.

சாய்மா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். ஒரு பெண் தன் வீட்டில் எங்கோ ஒரு மூலையில் நின்றுகொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று நான்கு நிமிடம் தவித்திருக்கிறாள். அந்தத் தவிப்பை யாரோ படம் பிடித்து எங்கேயோ ஒரு கிடங்கில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. இன்னும் ஒன்றே ஒன்று, எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று உறுதிசெய்துகொள்ள மட்டும், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பட்டியலில் கையை ஓட்டினாள்.

காஞ்சிபுரம், கைபேசி, என்று ஒரே கருவியிலிருந்து நான்கு பதிவுகள் இருந்தன. நான்கு முறை வந்தும் ஒரு முறைகூட அனுப்பாதவள். சாய்மா கடைசிப் பதிவைத் திறந்தாள். ஒன்பது நாளுக்கு முந்தையது.

எழுத்துகள் தயங்காமல் வேகமாக வந்தன.

‘வக்கீலம்மாவுக்கு வணக்கம். நான் யாருன்னு கேக்காதீங்க. எனக்கு நாப்பத்தாறு வயசு. ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவ.’

கடைசி வாக்கியம் அழிந்தது.

‘என் வீட்டுக்காரர் நல்லவர்.’

அந்தச் சொல் அழிந்து, மறுபடி வந்தது.

‘நல்லவர்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பங்குனி மாசம் என் இடது கையில ரெண்டு விரலைப் பின்னாடி வளைச்சு ஒடிச்சாரு. கீழ கேட்டுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னேன். கூட வேலை பாக்குற வக்கீலம்மா நம்பிட்டாங்க. அவங்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போனாங்க.’

அதோடு எழுத்து நின்றது. சில நொடிகள் கழித்துப் பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கரையத் தொடங்கியது. கட்டம் வெறுமையாகும் வரை சாய்மா அசையவில்லை.

சங்கரி.

மறுபடி ஓடவிட்டாள். அதே வரிகள். இல்லை, வேறு யாராகவும் இருக்க முடியாது. ஏப்ரல் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. விரல்கள் வீங்கிப் போய்ச் சங்கரி மாடியேறி வந்தாள். கீழ் கேட்டில் மாட்டிக்கொண்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எக்ஸ்ரே எடுத்த இடத்தில் டாக்டர் “கேட்டா?” என்று ஒரு மாதிரி கேட்டபோதுகூட, “எங்க ஊரு கேட்டு அப்படி சார்” என்றாள். சாய்மா என்ன செய்தாள்? கட்டட உரிமையாளரிடம் சண்டை போட்டு, கேட்டின் கீல்களை மாற்ற வைத்தாள்.

அடிபட்ட பெண்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று நீதிமன்றத்தில் பெயர் எடுத்தவள் அவள். எதிர் மேசையில், ஆறடி தூரத்தில், ஆறு வருடமாக உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் மெல்லத்தான் உறைத்தது. கடிதங்கள் சாய்மாவுக்கு மட்டும் போகும், அதில் பெயர் இருக்காது என்பது சங்கரிக்கு நன்றாகத் தெரியும். தான் யாரென்று காட்டிக்கொள்ளாமலேயே சாய்மாவிடம் ஆலோசனை கேட்க நான்கு முறை முயன்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும், எழுதினால் அடையாளம் தெரிந்துவிடும் என்று கண்ட இடத்தில் அழித்திருக்க வேண்டும்.

கீழே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. மணி ஒன்று.

தினமும் இந்த நேரத்துக்கு வருகிறவர் உமாபதி, சங்கரியின் கணவர். வீட்டில் இரண்டு தறி வைத்து நெய்கிறவர். திருவிழா நாட்களில் சாமி தூக்கப் போகிறவர். பொண்டாட்டிக்கு மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொண்டுவந்து கொடுக்கும் ஆண் அந்தத் தெருவிலேயே இவர் ஒருத்தர்தான் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். “சங்கரியக்காவுக்குக் கெடைச்ச மாதிரி புருஷன் கெடைச்சா நாங்க ஏன் இங்க வரப்போறோம்” என்று ஒருத்தி இதே அறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அப்போது சங்கரி அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

சாய்மா மடிக்கணினியை மூடினாள். உமாபதி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நெற்றியில் கலையாத திருநீற்றோடு உள்ளே வந்தார்.

“வணக்கம் வக்கீலம்மா. சங்கரி இல்லியா?”

“கூரத்துக்குப் போயிருக்காங்கண்ணே. ஒரு கூட்டம்.”

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. உமாபதியின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் காலி நாற்காலிக்குப் போய்த் திரும்பின.

“கூரமா? காலையில என்கிட்ட ஒண்ணும் சொல்லலியே. ஆபீஸ்ல தான் இருப்பேன்னு சொன்னாளே.”

எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்ட வாக்கியம் அது. ‘எங்க போறேன்னு சொல்லாம போயிட்டேன், அதுக்குத்தான் மேடம்.’ சாய்மா தன் வாயிலிருந்து வந்த உண்மை ஒரு பெண்ணை இன்று சாயங்காலம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அவங்களுக்கே தெரியாதுண்ணே. நான்தான் போகவேண்டியது. எனக்குத் திடீர்னு கோர்ட்டுல வேலை வந்துடுச்சு. பத்து மணிக்கு மேல அவங்களை விரட்டி அனுப்பினேன். தப்பு என்னோடது.”

“அதனால இன்னா வக்கீலம்மா. வேலைன்னா வேலைதான்.” அவர் சாப்பாட்டுத் தூக்கை மேசைமேல் வைத்தார். பட்டு நூலைத் தொட்டுத் தொட்டு வழவழத்துப் போன நீளமான விரல்கள். அவற்றை விட்டுச் சாய்மாவால் கண்ணை எடுக்க முடியவில்லை. “நீங்களே சாப்பிடுங்க. வீணாப் போவக் கூடாது. உங்களுக்குப் புடிக்குமேன்னு எலுமிச்சங்கா ஊறுகாயும் வெச்சிருக்கேன்.”

“சரிண்ணே.”

“உடம்பு சரியில்லியாம்மா? மொகமெல்லாம் வெளுத்துப் போயிருக்குது.”

“வெயில்ணே.”

அவர் போய், சைக்கிள் கிளம்பும் வரை சாய்மா நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகு கைபேசியை எடுத்தாள். இரண்டு முறை தவறான எண்ணைத் தட்டிவிட்டாள்.

“அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போறாரு. கூரத்துக்கு நான்தான் பத்து மணிக்கு மேல திடீர்னு அனுப்பினேன்னு சொல்லியிருக்கேன். கேட்டா அப்படியே சொல்லுங்க.”

மறுமுனையில் கூட்டத்தின் இரைச்சல்.

“நீ எதுக்கு அப்படிச் சொன்ன?” என்று கேட்டாள் சங்கரி.

“வாங்க, நேர்ல பேசுவோம்.”

நான்கு மணிக்குச் சங்கரி வந்தாள். பேருந்துத் தூசி முகத்தில் படிந்திருந்தது. உட்காரவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று அந்த மூன்று மணி நேரமும் சாய்மா யோசித்திருந்தாள். தெரியாததுபோல் இருந்துகொண்டு மெல்ல மெல்லப் பேச்சை அங்கே கொண்டுபோகலாம் என்றும் ஒரு எண்ணம் வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அது முடியாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஸ்கிரிப்ட் என்ன செய்தது, யார் போட்டது, எத்தனை நாளாக ஓடியது என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

சங்கரி கேட்டுக்கொண்டே நின்றாள். “எழுதி அனுப்பாதவங்களதுமா?”

“ஆமாக்கா.”

“அழிச்சதுமா?”

“அழிச்சதும்.”

சங்கரியின் கை தானாகப் போய் இடது கை விரல்களைப் பிடித்துக்கொண்டது.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்க்கா.”

சாய்மா அழுகையை எதிர்பார்த்திருந்தாள். தன்மேல் சாய்ந்துகொள்வாள் என்றுகூட நினைத்திருந்தாள். சங்கரியின் முகம் அவள் இதுவரை பார்த்திராத விதமாகச் சிவந்தது.

“யாரைக் கேட்டுப் படிச்ச?”

“நீங்கன்னு தெரியாதுக்கா. என்னென்ன போயிருக்குன்னு...”

“நான்னு தெரியாதுன்னா படிக்கலாமா? வேற எவளோடதுன்னா பரவால்லியா? ஒருத்தி அழிச்சான்னா அது யாரும் பாக்கக் கூடாதுன்னுதான அழிச்சா! அதை எடுத்து வெச்சுப் படிக்கிறது எந்த ஊரு நியாயம் சாய்மா? அவன் வீட்டுல என் போனை நோண்டுறான். நீ இங்க உக்காந்து நான் மனசுல வெச்சிருந்ததை நோண்டியிருக்க.”

சாய்மாவுக்கு அறைந்ததுபோல் இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

“இன்னிக்கு வீட்டுக்குப் போகாதீங்கக்கா. எங்க வீட்டுக்கு வாங்க” என்று மட்டும் சொன்னாள்.

“எனக்கே சொல்றியா? தினம் பத்து பேருக்கு நான் சொல்றது இது.” சங்கரி பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

சாயங்காலம் முழுக்கச் சாய்மா அழைத்துக்கொண்டே இருந்தாள். ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை சங்கரி எடுத்தாள். “உயிரோடதான் இருக்கேன். எங்க அக்கா வீட்டுக்கு வந்துட்டேன், தாமலுக்கு. வை.” அவ்வளவுதான்.

மறுநாள் காலை குரு அலுவலகத்துக்கு வந்தார். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. சாய்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து அந்த இரண்டு ஸ்கிரிப்டுகளையும் தளத்திலிருந்து நீக்கினார். எழுத்துருவைக்கூடத் தங்கள் இடத்திலிருந்தே வரும்படி மாற்றினார். சாய்மா தன் கணினியில் பக்கத்தைப் புதிதாகத் திறந்து மூலையில் தட்டிப் பார்த்தாள். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. பதிவுகளை எல்லாம் அழித்து, கணக்கையும் மூடி, தங்களிடம் இருப்பதை அழிக்கும்படி அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அழித்துவிட்டோம் என்று ஐந்து நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. உண்மையிலேயே அழித்தார்களா என்று தெரிந்துகொள்ள வழி எதுவும் இல்லை.

பிறகு சாய்மா தளத்தின் முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பைப் போடச் சொன்னாள். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இங்கே எழுதியவை, அனுப்பாமல் அழித்தவைகூட, வெளியே போயிருக்கின்றன. தவறு எங்களுடையது. அவற்றில் இரண்டைப் பொறுப்பாளர் சாய்மா பார்த்திருக்கிறார்.

குரு தயங்கினார். “மேடம், இதைப் போட்டா இனிமே ஒருத்தரும் எழுத மாட்டாங்க.”

“எழுத வேணாம்னு தோணினா எழுத வேணாம். தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்.”

அறிவிப்பைப் போட்ட அன்றே பிரியதர்ஷினியும் அழைத்தாள். அவளாக அழைக்கும் வரை சாய்மா காத்திருந்தாள், அவள் எண்ணுக்குத் தானாக அழைப்பது ஆபத்து என்பதால்.

“நான் சொன்னது தப்பும்மா” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். “நீங்க எழுதினது பதிவாகியிருக்கு. நான் உங்களோடதைப் பாக்கல. இப்போ எல்லாத்தையும் அழிச்சாச்சு.”

மிக்சி நின்றது. “ரெண்டு வருஷமா அந்தக் கம்பெனிக்குப் போயிக்கினு இருந்துச்சா?”

“ஆமாம்மா.”

“இத்தினி பேரு எழுதுனது. அடி, சூடு, எல்லாம் எழுதியிருப்பாங்க. அங்க ஒருத்தரும் படிச்சுட்டு ஒண்ணும் பண்ணலியா மேடம்?”

சாய்மாவுக்குக் கோபத்தை எதிர்கொள்ளத் தெரிந்திருந்தது. இதற்கு, நேரில் வரச் சொல்ல மட்டுமே முடிந்தது. அடுத்த புதன்கிழமை, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பிரியதர்ஷினி நேரிலேயே வருவதாக ஒப்புக்கொண்டாள். இனி எதையும் எழுத மாட்டேன் என்றாள்.

திங்கட்கிழமை சங்கரி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அக்காவின் புடவையைக் கட்டியிருந்தாள். தன் நாற்காலிக்குப் போகாமல், வழக்குச் சொல்ல வரும் பெண்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சாய்மா எழுந்து நின்றாள்.

“உக்காரு” என்றாள் சங்கரி. “நான் எதையும் உனக்கு அனுப்பல. நீ படிச்சதை நான் சொன்னதா எடுத்துக்காத. இப்போ நானே வந்திருக்கேன். நானே சொல்றேன். எழுதிக்கோ.”

சாய்மா தாளை எடுத்தாள்.

பேர், வயது, முகவரி என்று ஆரம்பித்தாள் சங்கரி, ஆறு வருடமாக மற்ற பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்த வரிசையில். விரல்களைப் பற்றி வரும் என்று சாய்மா காத்திருந்தாள். அது வருவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் இருபத்துமூன்று வருடம் இருந்தது. முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது தறிக் குழிக்குள் தள்ளியது. அந்தக் குழந்தை இல்லாமல் போனது. சாயக் கொதிநீர். முதுகில், ரவிக்கைக்குள் மறைகிற இடத்தில் மட்டும் தழும்புகள். மதியச் சாப்பாடு கொண்டுவருவது அவள் நாற்காலியில் இருக்கிறாளா என்று பார்க்கத்தான் என்பது. திரையில் பார்த்து அதிர்ந்துபோன அந்த ஐந்து வரி, இதில் கால் பங்குகூட இல்லை. சாய்மாவின் பேனா இரண்டு இடத்தில் நின்றுவிட்டது.

“எழுது” என்றாள் சங்கரி. “நிக்காத. நின்னா நானும் நின்னுடுவேன்.”

முடித்ததும் கையெழுத்துப் போட்டாள். பிறகு, “கேஸை நீ நடத்த வேணாம். வக்கீல் அம்சவேணி மேடத்துக்கிட்ட குடு. நீ எனக்குச் சாட்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவ” என்றாள்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் வழியாக மனு போனது. உமாபதி ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து, வாசலில் நின்றபடியே, தன் மனைவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். சாமி தூக்குகிறவர்கள் நான்கு பேர் சமாதானம் பேச வந்தார்கள். சங்கரி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். ஆகஸ்டில் இடைக்கால உத்தரவு வந்தது. அவர் அவளை நெருங்கக் கூடாது, அலுவலகத்துக்கோ அவள் தங்கும் இடத்துக்கோ வரக் கூடாது. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வாடகைப் போர்ஷனில் அவள் குடியேறினாள்.

உத்தரவு வந்த அன்று இருவரும் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்தார்கள். வாசலில் இளநீர் வண்டிப் பக்கம் நிழல் இருந்தது. சங்கரி இரண்டு இளநீர் சொன்னாள்.

“என் மேல இன்னும் கோவமாக்கா?” என்று கேட்டாள் சாய்மா.

சங்கரி, இளநீர்க்காரர் வெட்டிக் கொடுத்ததை வாங்கிச் சாய்மாவிடம் நீட்டினாள்.

“இருக்குது” என்றாள். “நீ படிக்கலன்னா நான் இங்க நின்னுக்கினு இருக்க மாட்டேன். அதுவும் தெரியுது. ஆனா கோவம் இருக்குது. அது பாட்டுக்கு இருக்கட்டும், நீ குடி.”

சாய்மா குடித்தாள்.